பத்தொன்பதாம் பக்கத்தில் தொங்குபவன்

அத்தை காலையில் போன் செய்தால் ஊரில் யாரோ இறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கு அப்படி எதுவும் இல்லை. "டேய், நாம இத்தனை வருஷமா முத்தி செஞ்சது தப்பான மரமாம்டா" என்றார். முத்தி என்றால் எங்கள் பக்கம் சிலுவைக்கு முத்தம் வைப்பது. தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர். தெருமுனையில் சிலுவை நட்ட குருசடி, வீட்டு நடையில் இயேசு தொங்கும் ஒரு பாடுபட்ட சுரூபம், கழுத்தில் ஒன்று, செபமாலையில் ஒன்று என்று வாழ்ந்தவருக்கு எழுபத்து மூன்று வயதில் வந்த சந்தேகம். வீடு வீடாகப் போய் பைபிள் பேசும் ஒரு சபையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள். அத்தை டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். போகும்போது ஒரு ஜெராக்ஸ் தாளை விட்டுப் போயிருக்கிறார்கள். அதை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினார். பாதி அவருடைய கட்டைவிரல்.

மீதிப் பாதியில் ஒரு பழைய படம். நட்டுவைத்த ஒற்றை மரம். அதில் ஒரு மனிதன், இரண்டு கையும் தலைக்கு மேலே தூக்கி அறையப்பட்டபடி. குறுக்குக் கட்டை கிடையாது. கீழே குறிப்பு: யூஸ்டஸ் லிப்சியஸ், லத்தீன் அறிஞர், 1547–1606, 1629 பதிப்பு, 19-ஆம் பக்கம். அதாவது, இயேசு இறந்தது சிலுவையில் அல்ல, நிமிர்ந்த கம்பத்தில். நானூறு வருஷத்துக்கு முந்தைய லத்தீன் பண்டிதரே படம் போட்டுக் காட்டியிருக்கிறார், பாருங்கள் என்பது வாதம்.

எனக்குச் சுருக்கென்றது. பக்தியால் அல்ல, எனக்கும் கோயிலுக்கும் நல்ல நாள் பெரிய நாள் உறவுதான். ஒரு வயதான மனுஷியைப் பக்க எண் காட்டி மடக்குகிறார்களே என்றுதான். லத்தீனும் வருஷமும் பக்க எண்ணும் சேர்ந்துவிட்டால் நமக்கு வாய் அடைத்துப்போகிறது. சரி, அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துவிடுவோமே என்று அன்றிரவு உட்கார்ந்தேன். புத்தகத்தின் பெயர் 'தே குரூசே', சிலுவையைப் பற்றி என்று பொருள், மூன்று பாகம். ஐரோப்பிய நூலகங்கள் பல பதிப்புகளை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருப்பதால் தேடுவது கஷ்டமாக இல்லை. படிப்பதுதான் கஷ்டம். சிறுவயதில் பாடகர் குழுவில் பொருள் தெரியாமல் பாடிய லத்தீனும் ஒரு அகராதியும்தான் என் கையிருப்பு.

எரி, வெட்டு

லிப்சியஸ் பிறந்தது பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில், ஓவரைசே என்ற ஊரில். கத்தோலிக்கராகப் பிறந்து, புராட்டஸ்டன்ட் பிரிவான லுத்தரன்களின் யேனாவில் பாடம் நடத்தி, அப்புறம் இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவான கால்வினியர்களின் லெய்டனில் பதின்மூன்று வருஷம் பேராசிரியராக இருந்து, 1591-ல் மைன்ஸ் நகரத்தில் மறுபடி கத்தோலிக்கராகி, லூவன் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தவர். ஊருக்கு ஏற்ற ஜெபம் என்று எதிரிகள் கேலி செய்யாமல் விடுவார்களா? ஆனால் அவர் வாழ்ந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 1576-ல் சம்பளம் கிடைக்காத ஸ்பானியப் படைவீரர்கள் ஆன்ட்வெர்ப்பைச் சூறையாடி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றார்கள். மதத்தின் பெயரால் எரிப்பதும் புதைப்பதும் தூக்கிலிடுவதும் அவருக்கு ஏட்டுச் சங்கதிகள் அல்ல. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸைப் பதிப்பித்தே பெயர் வாங்கியவர் அவர். பழைய ரோமின் கொடுங்கோன்மையைப் படிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதும் தெரிந்திருக்கும்.

அவர் மட்டும் சுத்தமா என்றால் அதுவும் இல்லை. 1589-ல் வெளியிட்ட அரசியல் நூலில், பொது அமைதியைக் குலைக்கும் மத எதிர்ப்பாளர்களுக்கு இரக்கம் காட்டாதே, 'எரி, வெட்டு' என்று எழுதிவைத்தார். அது பழைய ரோமப் பேச்சாளர் சிசரோவின் வார்த்தை, மருத்துவன் புண்ணுக்குச் செய்வது, உவமைதான் என்று பிறகு சொல்லிப் பார்த்தார். கோர்ன்ஹெர்ட் என்ற டச்சு எழுத்தாளர் விடவில்லை. எரிக்கிற காலத்தில் உவமைக்கு எரி என்று எழுதலாமா என்பதுதான் சண்டையின் சாரம். லெய்டனை விட்டு அவர் கிளம்பியதில் இந்தச் சண்டைக்கும் பங்குண்டு. சிலுவைப் புத்தகம் வந்தது அதற்கு நாலைந்து வருஷத்துக்குள், 1590-களின் தொடக்கத்தில், ஆன்ட்வெர்ப்பின் பிளான்டின் அச்சகத்தில். திரும்பி வந்த பிள்ளை நான் உண்மையாகத்தான் திரும்பியிருக்கிறேன் என்று காட்டவும் வேண்டும், இறையியல் தகராறில் கால் வைக்கவும் கூடாது. அதற்கு ஏற்ற பொருள். மரம் எப்படி இருந்தது, ஆணி எத்தனை, எங்கே நட்டார்கள் என்று கேட்டால் எந்தச் சபையும் சண்டைக்கு வராது என்று நினைத்திருப்பார் போல. பாவம்.

புத்தகத்தில் அவர் செய்கிற முதல் காரியம் தரம் பிரிப்பது. ஒற்றை மரம் என்றால் 'எளியது' என்கிறேன் என்கிறார். அதிலே இரண்டு: ஆளை மரத்தில் அறைவது ஒன்று, மரத்தையே ஆளுக்குள் செலுத்துவது இன்னொன்று. இரண்டு மரம் சேர்ந்தால் 'கூட்டியது'. அதிலே மூன்று: பெருக்கல் குறி போல் சாய்ந்தது, லத்தீன் 'டி' (T) எழுத்துப் போல் உச்சியில் குறுக்குக் கட்டை வைத்தது, குறுக்குக் கட்டைக்கு மேலேயும் மரம் நீண்டு நிற்பது. கடைசியாகச் சொன்னதுதான் நம் குருசடியில் நிற்கும் வடிவம். இன்றைக்குக் கலைக்களஞ்சியங்களில் இந்த வகைகளுக்கு லத்தீன் பெயர்கள் போட்டிருப்பார்கள். ஏதோ ரோமச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்ததுபோல ஒரு தோரணை இருக்கும். ரோமர்களுக்கு அப்படி ஒரு பட்டியலே கிடையாது. வகை பிரித்துப் பெயர் சூட்டியவர் இந்த லூவன் வாத்தியார்தான்.

இங்கே எனக்கு ஒரு மொழிச் சிக்கலும் வந்தது. மரத்தை ஆளுக்குள் செலுத்தும் இரண்டாவது வகைக்குத் தமிழில் அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: கழு. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, கழு வேறு சிலுவை வேறு. ஒன்று நம் ஊர்க் கதை, மற்றது வேதத்தோடு வந்தது. லத்தீன்காரனுக்கு இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கியவை. 'இங்கே நான் குரூசுகளைப் பார்க்கிறேன், ஒரே வகை அல்ல' என்று தொடங்கும் ரோமத் தத்துவஞானி செனெக்கா, சிலரைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள், சிலருக்கு மறைவிடத்தில் மரத்தைச் செலுத்துகிறார்கள், சிலரின் கைகளைக் குறுக்குக் கட்டையில் விரித்து வைக்கிறார்கள் என்று ஒரே மூச்சில் அடுக்குகிறார். அந்த லத்தீன் சொல்தான் போர்த்துக்கீசியர் வாய்வழியாக நம் கடற்கரையில் 'குருசு' ஆனது. அத்தை தினமும் உச்சரிக்கும் சொல். அதற்குள் ஒரு கழுமரமும் நட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

நான் ஜெயித்த கதை

பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஜெராக்ஸ் தாளில் இருந்த மனிதன் வந்தான். கழுவில் குத்தப்பட்டவன் வந்தான். சாய்ந்த மரம், 'டி' மரம் எல்லாம் வந்தன. அதன் பிறகு, சில பக்கம் தள்ளி, நமக்குத் தெரிந்த சிலுவை. அதைச் சுற்றித்தான் லிப்சியஸ் தன் வாதத்தைக் கட்டுகிறார். 'சிலுவையின் வடிவத்துக்கு ஐந்து முனை: நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, அறையப்பட்டவன் தாங்கி இருக்க நடுவில் ஒன்று' என்று இரண்டாம் நூற்றாண்டில் ஆயர் இரேனியஸ் எழுதியதைக் கொண்டுவருகிறார். ஆண்டவரின் சிலுவையில் நான்கு மரங்கள் இருந்தன என்றும் எண்ணிச் சொல்கிறார்: நிமிர்ந்த மரம், குறுக்குக் கட்டை, கீழே தாங்கும் கட்டை, மேலே பெயர்ப் பலகை. ஒற்றைக் கம்பத்துக்குச் சாட்சியாக இழுத்துவரப்பட்ட ஆளின் சொந்த வாக்குமூலம் இது. ரோமர்கள் செய்த பல வகைகளில் இதுவும் ஒன்று என்று காட்டத்தான் அந்த ஒற்றை மரப் படம். தாள் அச்சடித்தவர்கள் படத்தை எடுத்துக்கொண்டு புத்தகத்தை விட்டுவிட்டார்கள்.

நியாயமாகச் சொன்னால், அவர்கள் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'ஸ்தவ்ரோஸ்' ஹோமர் காலத்தில் நட்ட கழியைத்தான் குறித்தது. ஆனால் சொல் பிறந்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. இரண்டாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்ட பர்னபா நிருபம் என்ற கிறிஸ்தவ நூல், கிரேக்கத்தில் முந்நூறைக் குறிக்கும் 'டி' எழுத்திலேயே சிலுவையைப் பார்க்கிறது. ரோமில் பாலத்தீன் குன்றில் 1857-ல் கண்டெடுத்த ஒரு சுவர்க் கிறுக்கலில், கழுதைத் தலையோடு ஒருவன் குறுக்குக் கட்டையில் தொங்குகிறான். 'அலெக்ஸமெனோஸ் தன் கடவுளைக் கும்பிடுகிறான்' என்று கீழே நக்கல். கேலி செய்தவனுக்கும் கண்ணில் குறுக்குக் கட்டை இருந்திருக்கிறது.

இதையெல்லாம் தொகுத்து, அந்தச் சிலுவைப் படத்தை மட்டும் வெட்டி எடுத்து, மேலே சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, "அத்தை, அதே ஆள், அதே புத்தகம். கவலைப்படாம முத்தி செய்ங்க" என்று அனுப்பினேன். நள்ளிரவு தாண்டியிருந்தது. ரொம்பத் திருப்தியாகப் படுத்தேன்.

காலையில் போன். யாரும் இறக்கவில்லை.

"இதை வரைஞ்ச ஆளு பாத்தானாடா?"

"எதை அத்தை?"

"சிலுவைல அறையறத."

"இல்ல அத்தை. அவர் ஆயிரத்தைந்நூறு வருஷம் கழிச்சு வந்தவர்."

"அப்ப அவங்க குடுத்த படமும் பாக்காம வரைஞ்சது, நீ குடுத்த படமும் பாக்காம வரைஞ்சது."

என்னிடம் பதில் இல்லை. படத்தை வெட்டி அனுப்பிய விஷயத்தில் எனக்கும் அந்தப் பெண்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் வட்டம் போடவில்லை, அவ்வளவுதான். ஆனால் அத்தை அங்கே நிற்கவில்லை.

"சரி, அது கிடக்கட்டும். நீ அனுப்புனது ஆண்டவர்னா, அந்தத் தாள்ல ஒத்தை மரத்துல தொங்குறது யாரு?"

"யாருமில்ல அத்தை. சும்மா வகைக்கு ஒரு படம்."

"யாருமில்லாம எப்படிடா தொங்குவான்?"

வகைக்கு ஒரு படம்

இந்தக் கேள்வியைப் பல மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். மறுபடி புத்தகத்தைத் திறந்து, இந்தத் தடவை மரத்தை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்த்தேன். எல்லோருக்கும் நல்ல கட்டுடல். ஒருவருக்கும் பெயர் இல்லை. அவர்கள் அங்கே இருப்பதே கோணத்தைக் காட்டத்தான். கை இந்த வாட்டத்தில் போகும், கால் இந்த இடத்தில் வரும் என்று. லிப்சியஸ் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல மாட்டேன். பட்டியல் போட ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும். அவர் மரத்தைப் பட்டியல் போட்டார், சபைக்காரர்கள் அதில் ஒரு மரத்தைப் பிடுங்கினார்கள், நான் இன்னொரு மரத்தைப் பிடுங்கினேன்.

அலுவலக வேலையாக பிரஸ்ஸல்ஸ் போக நேர்ந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஆன்ட்வெர்ப் போனேன். பிளான்டின் அச்சகம் இப்போது அருங்காட்சியகம். உலகத்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சு இயந்திரங்களில் இரண்டு அங்கேதான் இருக்கின்றன. லிப்சியஸ் பெயரிலேயே ஒரு அறை. சுவர் முழுக்கப் பொன்பூச்சுத் தோல். அச்சகக் குடும்பத்துக்கு அவர் அத்தனை நெருக்கம். அங்கே நின்றபோது அச்சுத்தொழில் விஷயம் ஒன்று உறைத்தது. அந்தக் காலத்தில் எழுத்தையும் செப்புத் தகட்டுப் படத்தையும் ஒரே இயந்திரத்தில் அடிக்க முடியாது. ஈய எழுத்து மேடாக நிற்கும், அதன் தலையில் மை ஏறும்; மேலிருந்து அழுத்தினால் போதும். செப்புத் தகட்டிலோ மை கீறலுக்குள் இருக்கும்; ஈரத் தாளை உருளைகளுக்கு நடுவே கொடுத்து நசுக்கினால்தான் வெளியே வரும். ஆக ஒரே தாள் இரண்டு இயந்திரம் ஏறி இறங்க வேண்டும். எழுத்தும் படமும் தொடக்கத்திலேயே தனித்தனியாக நடந்து வந்து ஒரு பக்கத்தில் சந்தித்தவைதான். நானூறு வருஷம் கழித்து ஒரு ஜெராக்ஸ் கடையில் மறுபடி பிரிந்துபோனதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அப்படியானால் ஒற்றை மரத்தில் தொங்குவது யார்? பழைய நூல்களில் தேடினால் கூட்டம்தான் கிடைக்கிறது, ஆள் கிடைப்பதில்லை. ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகம் அடங்கிய பிறகு, கி.மு. 71-ல், கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலை நெடுகிலும் ஆறாயிரம் பேர். எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. நேப்பிள்ஸ் பக்கம் பொத்சுவோலியில் கிடைத்த ஒரு கல்வெட்டு பிணம் தூக்கும் குத்தகைதாரரின் கடமைகளைச் சொல்கிறது. யாராவது தன் அடிமையைத் தண்டிக்க வேண்டும் என்று கேட்டால், குறுக்குக் கட்டை சுமக்கும் ஆட்கள், சாட்டையடிப்பவர், கொலையாள் என்று ஆளுக்கு நாலு செஸ்டர்ஸ் கூலி. லிப்சியஸ் இறந்து வெகுகாலம் கழித்துக் கிடைத்த கல்வெட்டு அது. பார்த்திருந்தால் விலைப்பட்டியலையும் சேர்த்திருப்பார். கி.பி. 70-ல் எருசலேம் முற்றுகையில் பிடிபட்டவர்களை, சில நாள் ஐந்நூறு பேருக்கு மேல்கூட, ரோமச் சிப்பாய்கள் வெறியிலும் விளையாட்டாகவும் விதவிதமான கோலங்களில் அறைந்தார்கள் என்று அந்தக் கால யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். மரத்துக்கு இடமில்லை, உடலுக்கு மரமில்லை என்கிறார். இந்தச் சிப்பாய்களிடம் போய், ஐயா இது எளியதா கூட்டியதா என்று கேட்க முடியுமா?

யோசேபஸ் தன் வாழ்க்கைக் கதையில் இன்னொன்றும் சொல்கிறார். தெக்கோவா என்ற ஊருக்குப் போய்த் திரும்பும் வழியில் பலர் அறையப்பட்டிருப்பதைப் பார்க்கிறார். அதில் மூன்று பேர் அவருக்குப் பழக்கமானவர்கள். ஓடிப்போய்த் தளபதி டைட்டஸிடம் கண்ணீர் விட்டுக் கேட்கிறார். இறக்கி மருத்துவம் பார்க்கிறார்கள். இரண்டு பேர் இறந்துபோனார்கள், ஒருவர் பிழைத்தார். இவ்வளவு எழுதியவர் அந்த மூன்று பேரின் பெயரை எழுதவில்லை. தெரிந்தவர்கள்தானே, எழுதியிருக்கலாம்.

பெயரோடு கிடைத்தவன் ஒருவன் உண்டு. 1968-ல் எருசலேமின் வடக்குப் பகுதியில், கிவாத் ஹமிவ்தார் என்ற இடத்தில் வீடு கட்டத் தோண்டியபோது கல்லறைகள் அகப்பட்டன. ஒரு கல்பெட்டிக்குள் எலும்புகள். வலது குதிகால் எலும்பில், பக்கவாட்டில் ஊடுருவிய 11.5 சென்டிமீட்டர் இரும்பு ஆணி. நுனி வளைந்திருந்தது. மரத்தின் கணுவில் பட்டு வளைந்திருக்க வேண்டும், அதனால்தான் இறக்கியவர்களால் பிடுங்க முடியவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் ஆணியைப் பிடுங்கிவிடுவார்கள். இரும்பு விலையுள்ளது, போதாததற்குச் சிலுவை ஆணி நோய் தீர்க்கும் என்று தாயத்தாகவும் வைத்துக்கொண்டார்கள். கணு இருந்ததால் நமக்குச் சாட்சி கிடைத்தது. 1970-ல் வந்த முதல் ஆய்வு இரண்டு குதிகாலையும் ஒரே ஆணி துளைத்தது என்றது. 1985-ல் மறுபடி ஆராய்ந்தவர்கள் இல்லை, ஒரு குதிகால்தான் என்றார்கள். கால்களை மரத்தின் இரண்டு பக்கமும் வைத்துத் தனித்தனியாக அறைந்திருக்கலாம். கையில் ஆணிக் காயம் இல்லை, கயிற்றால் கட்டியிருக்கலாம். இது லிப்சியஸின் எந்தப் படத்தோடும் சரியாக ஒத்துப்போகவில்லை. குறுக்குக் கட்டை இருந்ததா என்பதை எலும்பு சொல்லவில்லை. பெயரை மட்டும் பெட்டி சொல்கிறது: யெகோகனான். வயது இருபதுகளின் நடுவில்.

2017-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஃபென்ஸ்டன்டன் என்ற சிற்றூரில் இன்னொரு குதிகால் ஆணியோடு கிடைத்தது. அவனுக்குப் பெயர் இல்லை.

போன நவம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள். அத்தை தரையில் உட்கார்ந்து, பங்குக் கோயிலில் கொடுக்க மரித்தவர்களின் பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஜெராக்ஸ் தாள் செபப் புத்தகத்துக்குள் நாலாக மடிந்து கிடந்தது. தூக்கிப் போடவில்லையா என்று கேட்டேன். "அவனைப் போய் எப்படிக் குப்பையில போடுறது" என்றார். அப்போதுதான் எருசலேம் எலும்பைப் பற்றிச் சொன்னேன். ஆணி வளைந்ததைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தன் குதிகாலைத் தடவிக்கொண்டார்.

"பேரு என்னன்னு சொன்ன?"

"யெகோகனான். யோவான்னு சொல்றோம்ல, அதே பேருதான் அத்தை."

"அப்ப அருளப்பன்னு சொல்லு."

ஆமாம், அந்த எபிரேயப் பெயருக்குக் கடவுள் அருள்கூர்ந்தார் என்றுதான் பொருள். பழைய தமிழ் வேதத்தில் யோவான் அருளப்பர்தான். மாமா, பெரியப்பா, கடலில் போன தம்பி என்று பத்துப் பெயர் ஏற்கெனவே இருந்தன. பதினொன்றாவதாக அருளப்பன் என்று எழுதினார். அவன் யூதன் அத்தை, ஞானஸ்நானம் வாங்காதவன் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவர் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஊர்ப் பேரும் போடணுமாடா?"